பெனால்டி கோர்னர் கிடைக்கிறது, கோல் வருவதில்லை: எங்கே திருத்தலாம்?

கிளி மைதானம்:
வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு பாடசாலையின் பெண்கள் ஹொக்கி அணிக்கு உதவியாக நிற்கிறேன். முழுநேரப் பயிற்றுநர் இல்லை. விளையாட்டு ஆசிரியரும் நானும்தான் பார்த்துக்கொள்கிறோம். பிள்ளைகள் நன்றாக ஓடுகிறார்கள், பந்தைப் பறிக்கிறார்கள், இரண்டு விங்கும் டி-க்குள், அதாவது கோலுக்கு முன்னாலுள்ள அரைவட்டத்துக்குள், புகுந்துவிடுகிறது. எதிரணியின் காலில் பந்து பட்டு பெனால்டி கோர்னரும் கிடைக்கிறது (பின்கோட்டிலிருந்து ஒருத்தி தள்ள, டி-யின் விளிம்பில் ஒருத்தி நிறுத்த, இன்னொருத்தி கோலுக்கு அடிக்கும் வாய்ப்பு). அதற்கு மேல் ஒன்றும் நடப்பதில்லை. கடைசி ஆட்டத்தில் கோர்னருக்கு மேல் கோர்னராக வாங்கினோம். எதிரணி தனக்குக் கிடைத்த ஒன்றிலேயே கோல் போட்டுவிட்டுப் போய்விட்டது.

இன்னொரு சிக்கலும் இதோடு ஒட்டியது. எதிரணியில் ஒருவருக்குப் பச்சை அட்டை கிடைத்து இரண்டு நிமிடம் வெளியே இருந்தால், அந்த இரண்டு நிமிடத்தில்தான் எங்கள் ஆட்டம் குழம்புகிறது. எல்லோரும் முன்னுக்கு ஓடுகிறார்கள், எல்லோரும் கோலுக்கு அடிக்கப் பார்க்கிறார்கள். ஆள் கூடுதலாக இருக்கும்போது ஆட்டம் குறைந்துபோவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

மைதானம் கிரவல். மாகாண மட்டப் போட்டிக்கு இன்னும் கொஞ்சக் காலம் இருக்கிறது. "நல்லா அடிக்கிற ஒரு பிள்ளையைத் தேடிப் பிடி" என்பதுதான் எல்லோரும் தரும் ஆலோசனை. அது சரியான வழியா? ஹொக்கி தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள்.

நெடுங்கேணி 7:
டிராக் ஃபிளிக், அதுதான் பந்தை ஸ்டிக்கால் இழுத்து வீசுவது, கற்றுக்கொடுங்கள் அண்ணை. இன்றைக்கு உலகத்தில் கோர்னர் என்றால் அதுதான். பாகிஸ்தானின் சொஹைல் அப்பாஸ் 348 சர்வதேசக் கோல் போட்டது பெரும்பாலும் அதை வைத்துத்தான். 2024 பரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணித் தலைவர் ஹர்மன்பிரீத் சிங் 10 கோல் போட்டார், அந்தத் தொடரிலேயே அதிகம். ஒரு பிள்ளைக்கு அது வந்துவிட்டால் உங்கள் பிரச்சினை முடிந்தது.

மாங்குளம் சந்தி:
நெடுங்கேணித் தம்பி சொல்வது செயற்கைப் புல்லுக்குச் சரி. கிரவலில் சரிவராது. நான் பாடசாலையில் விளையாட்டு கற்பிக்கிறவன், இதைப் பார்த்துச் சலித்தவன்.

டிராக் ஃபிளிக் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். பந்து ஸ்டிக்கின் தண்டோடு ஒட்டியபடி தரையில் நீளமாக இழுபட வேண்டும். ஆள் தாழக் குனிந்து, கால்களை அகட்டி, இடுப்பைத் திருப்பி, ஸ்டிக்கின் வேகம் முழுவதையும் அந்த இழுவையில் பந்துக்குக் கொடுக்க வேண்டும். ஈரமான செயற்கைப் புல்லில் பந்து வழுக்கிக்கொண்டு கூடவே வரும். கிரவலில் ஒரு கடுகளவு கல் போதும், பந்து ஸ்டிக்கை விட்டுத் துள்ளிவிடும். பிள்ளை வருடம் முழுக்கப் பழகினாலும் போட்டியன்று எந்தக் கல் எங்கே கிடக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதோடு முதுகையும் முழங்காலையும் அது படுத்தும் பாடு பெரிது. வளருகிற பிள்ளைகளைச் சரியான வழிகாட்டல் இல்லாமல் அதில் இறக்க எனக்கு மனம் வராது.

கிளி மைதானம், ஒரு கேள்வி. உங்கள் கோர்னர்கள் எந்த இடத்தில் முறிகின்றன? தள்ளும்போதா, நிறுத்தும்போதா, அடிக்கும்போதா, அடித்த பிறகா? "கோல் வரவில்லை" என்று மொத்தமாகச் சொன்னால் மருந்து சொல்ல முடியாது.

பழைய ஃபுல்பெக்:
எங்கள் காலத்தில் ஒருவர் கையால் பந்தை நிறுத்துவார், மற்றவர் ஓங்கி அடிப்பார். கையால் நிறுத்த அன்றைக்கு அனுமதி இருந்தது. அதனால் எந்த மண்ணிலும் பந்து அப்படியே செத்துக் கிடக்கும். அந்த விதி போனபிறகு, கல் மைதானத்தில் விளையாடுகிறவனுக்குத்தான் நட்டம் அதிகம். மாங்குளத்து ஆசிரியர் கேட்டது சரியான கேள்வி. நானும் சொல்கிறேன், உங்கள் நோய் நிறுத்துவதில்தான் இருக்கும்.

கிளி மைதானம்:
நன்றி சேர், நன்றி ஐயா. ஒரு பழைய மாணவி கைபேசியில் எடுத்த காணொளிகள் இருந்தன. நேற்று இரவு விளையாட்டு ஆசிரியரோடு இருந்து ஒவ்வொரு கோர்னரையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம்.

நீங்கள் சொன்னதேதான். பாதிக்கு மேல் அடிக்கிற பிள்ளையிடம் பந்து போய்ச் சேரவே இல்லை. ஒன்றை அப்படியே எழுதுகிறேன். தள்ளுகிறவள் நன்றாகத்தான் தள்ளுகிறாள். பந்து டி-யின் விளிம்புக்கு வருமுன் ஒரு தடவை துள்ளுகிறது. நிறுத்துகிறவள் ஸ்டிக்கைச் சாய்த்துப் பிடித்தபடி நிற்கிறாள், பந்து அதன் மேலால் ஏறிப் பின்னுக்குப் போகிறது. அடிக்கிறவள் ஏற்கனவே ஸ்டிக்கை ஓங்கிவிட்டாள். வெறும் மண்ணை அடிக்கிறாள். மூன்று பேரும் திரும்பி ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். அதற்குள் எதிரணியின் முதல் ஓட்டக்காரி அவர்களைத் தாண்டிப் பந்தை எடுத்துக்கொண்டு போகிறாள். டி-யைச் சுற்றி நின்ற எங்கள் மற்றப் பிள்ளைகள் அசையவே இல்லை.

அடித்தவை குறைவு. அந்தக் குறைவிலும் ஒன்றிரண்டை கோல் காப்பாளர் தட்டிவிட்டார், திரும்பி வந்த பந்துக்கு எங்கள் ஆள் அங்கே இல்லை.

மாங்குளம் சந்தி:
இப்போது கதைக்கலாம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தூரக் கணக்கு. தள்ளும் இடம் கோல் கம்பத்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி, பின்கோட்டில். டி-யின் ஆரம் 14.63 மீட்டர். அங்கிருந்து டி-யின் உச்சிக்குப் பந்து ஓட வேண்டிய தூரம் ஏறக்குறைய 19 மீட்டர். கோல் கோட்டிலிருந்து புறப்படும் முதல் ஓட்டக்காரிக்கோ 15 மீட்டர்தான். பந்து அவளைவிட வேகமாக வரும் என்பதுதான் நமக்குள்ள ஒரே வசதி. கிரவலில் அந்த வேகம் பாதி வழியிலேயே சாகிறது. அதனால் செயற்கைப் புல் அணிகள் செய்வதைப் பார்த்து அதேபோல் உச்சியில் ஆளை நிறுத்தத் தேவையில்லை. தள்ளும் பக்கத்துக்குக் கொஞ்சம் கிட்ட நிறுத்துங்கள். கோணம் சற்றுக் குறையும், பந்து ஓடும் தூரமும் குறையும். நம் தரைக்கு அது இலாபமான பேரம். ஒன்று மட்டும் மறக்கக்கூடாது: பந்து டி-க்கு வெளியே போய் வந்த பிறகுதான் கோல் செல்லும். அந்தப் பதற்றத்தில் கோட்டுக்கு உள்ளேயே நிறுத்திவிடுகிற பிள்ளைகள் நிறையப் பேர்.

அடுத்தது தள்ளுதல். அடிக்க விடாதீர்கள், தள்ளத்தான் வேண்டும். கைகள் இரண்டும் ஸ்டிக்கில் அகல விலகி, உடம்பு தாழ, பந்து ஸ்டிக்கோடு ஒட்டியபடி புறப்பட வேண்டும். ஒரு கால் பின்கோட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது விதி. ஸ்டிக் பந்தை விட்ட பிறகும் நிறுத்துகிறவளை நோக்கி நீள வேண்டும். பந்து புறப்படும்போதே தரையைவிட்டு எழும்பினால் அங்கேயே துள்ளல் தொடங்கிவிட்டது, பிறகு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

நிறுத்துதல்தான் உயிர். உங்கள் பிள்ளை ஸ்டிக்கைச் சாய்த்துப் பிடிக்கிறாள் என்கிறீர்கள். தரையோடு படுக்கவைக்கச் சொல்லுங்கள். ஸ்டிக் முழு நீளமும் மண்ணைத் தொட வேண்டும், இடது கை மணிக்கட்டு மண்ணில் உரசுகிற அளவுக்குத் தாழ வேண்டும், கண் பந்தின் பின்னால் நேராக இருக்க வேண்டும். பந்து படும் கணத்தில் பிடியைத் தளர்த்த வேண்டும். இறுக்கிப் பிடித்தால் பந்து எகிறும். ஸ்டிக்கின் மேல்விளிம்பை முன்னுக்குக் கொஞ்சம் சரித்தால் பந்து அடியில் அமுங்கி நிற்கும். உயரமான பிள்ளையைவிட, குனிந்து இருக்கப் பஞ்சிப்படாத பிள்ளைதான் இதற்குத் தேவை.

அடி மூன்றாவது வேலை. முதல் அடி ஓங்கி அடிக்கும் அடியானால் 460 மில்லிமீட்டருக்கு மேலே கோல் கோட்டைத் தாண்டக்கூடாது, அதாவது கோலின் பின்பலகை உயரம். நமக்கு அதில் ஒரு குறையும் இல்லை. கிரவலில் பலகையை நோக்கித் தாழ அடிக்கும் நேரான அடியே கோல் காப்பாளருக்குப் பெரிய தொந்தரவு, ஏனென்றால் கடைசி இரண்டு மீட்டரில் அது எப்படி எழும்பும் என்று அவருக்கே தெரியாது. நம் தரை நமக்குத் தரும் நன்மை அது ஒன்றுதான். அதைப் பயன்படுத்துங்கள்.

முதல் ஓட்டக்காரி:
சேர் சொன்னதோடு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். நான் வவுனியாவில் விளையாடிய காலத்தில் எங்கள் அணிக்குக் கோர்னர் வந்தால் கோல் கோட்டிலிருந்து முதலில் பாய்கிறவள் நான்தான்.

எனக்குப் பயம் தந்த அணிகள் பலமாக அடிக்கிற அணிகள் இல்லை. அடி எங்கே வருமென்று தெரிந்தால், நேரே அந்தப் பாதையில் ஓடி ஸ்டிக்கைத் தாழ வைத்தால் பாதி வேலை முடிந்தது. எந்தப் பிள்ளை அடிக்கப் போகிறாள் என்று தெரியாமல் நிற்கிற அணிகள்தான் என்னை ஒரு அடி தயங்க வைத்தன. அந்த ஒரு அடித் தயக்கம் போதும். ஆகவே கிளி மைதானம், நிறுத்துகிறவர்களை இரண்டு இடத்தில் வையுங்கள். தள்ளுகிறவள் யாருக்குத் தள்ளப் போகிறாள் என்று அவர்களுக்குள் மட்டும் ஒரு சைகை இருக்கட்டும்.

இன்னொன்று, தள்ளிய பிள்ளையை எல்லோரும் மறந்துவிடுவார்கள். நானும் அவளைப் பார்த்ததே இல்லை, என் கண் முழுக்கப் பந்தில். அவள் தள்ளியதும் கம்பத்தை நோக்கி உள்ளே ஓடினால் அதற்கு அருகே தனியாக நிற்பாள். ஹொக்கியில் ஓஃப்சைட் கிடையாது, அங்கே நிற்க அவளுக்கு முழு உரிமை உண்டு. மேலே நிறுத்தியவள் அடிப்பதுபோல் காட்டி அவளுக்குத் தட்டிவிட்டால் போதும்.

பிறகு, ஒன்றை மனதில் வைத்து எழுதுகிறேன். கோர்னர் பிழைத்ததும் பந்தலுக்குள் இருந்து பெரியவர்கள் அடிக்கிற பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். மற்ற இருவர் பிழைவிட்டாலும் அவளுக்குத்தான் ஏச்சு விழும். அடுத்த கோர்னரில் அவள் பந்து நிற்கும் முன்பே ஓங்கத் தொடங்குவாள். நீங்கள் காணொளியில் கண்டது இதுவாகவும் இருக்கலாம். அந்தக் கத்தலை நிறுத்துவதும் பயிற்றுநரின் பொறுப்புத்தான்.

நெடுங்கேணி 7:
அக்கா சொன்ன கடைசி விசயத்துக்கு நூறு தடவை ஆம்.

முள்ளியவளை ஸ்காபுரோ:
எல்லோருக்கும் வணக்கம். பிறந்தது முள்ளியவளை, இப்போது ஸ்காபுரோவில். என் மகன் சிறுவயதிலிருந்து ஐஸ் ஹொக்கி விளையாடுகிறான். நான் பல குளிர்காலங்களாகப் பனிமேடை ஓரத்தில் நின்று பார்க்கிறேன். கிளி மைதானம் எழுதிய இரண்டாவது சிக்கல், ஆள் கூடுதலாக இருந்தும் ஆட்டம் குறைவது, இங்கே எல்லா அணிகளும் தலையை உடைக்கிற விடயம். இதைப் பவர் பிளே என்பார்கள்.

ஐஸ் ஹொக்கியில் கோல் காப்பாளர் தவிர ஐந்து பேர். சிறிய குற்றத்துக்கு ஒருவர் இரண்டு நிமிடம் வெளியே போவார், ஐந்துக்கு நான்கு. வட அமெரிக்காவின் பெரிய லீக்கான என்எச்எல்-இல் அணிகள் சராசரியாக ஐந்து வாய்ப்பில் ஒன்றைத்தான் கோலாக்குகின்றன. 2022-23இல் எட்மன்டன் ஒயிலர்ஸ் 32.4 வீதம் எடுத்தது அந்த லீக்கின் சாதனை. உலகத்தின் மிகத் திறமையானவர்கள் சேர்ந்த அணியே மூன்றில் இரண்டு தடவைக்கு மேல் ஒன்றும் எடுக்கவில்லை என்று இதைப் படியுங்கள். உங்கள் பிள்ளைகளை வெகுவாக ஏச வேண்டாம்.

பவர் பிளே விழுந்துபோன அணியைப் பார்த்தால் எப்போதும் ஒரே காட்சிதான். ஐந்து பேரும் விளிம்பில் அசையாமல் நின்று பந்தைச் சுற்றிச் சுற்றிக் கொடுப்பார்கள். (அங்கே அது பந்தில்லை, தட்டையான ரப்பர் வில்லை.) எதிரணியின் நான்கு பேரும் நடுவில் ஒரு பெட்டியாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அலுத்துப்போய் யாராவது தூரத்திலிருந்து அடிப்பார், காப்பாளர் அதைத் தெளிவாகக் கண்டு பிடித்துவிடுவார். திருத்துகிற பயிற்றுநர்கள் முதலில் கை வைப்பது அடிகாரரில் அல்ல. அந்த நான்கு பேரின் நடுவில் ஒருவரை நிறுத்துவார்கள், காப்பாளரின் கண்ணுக்கு முன்னால் இன்னொருவரை நிறுத்துவார்கள். மேலே ஒருவர், நடு வரிசையில் மூவர், கோல் வாயில் ஒருவர்: இன்றைக்குப் பெரும்பாலான அணிகளின் அமைப்பு இது. நடுவில் நிற்பவருக்குப் பந்து அதிகம் வராது. அவர் அங்கே நிற்பதாலேயே பெட்டி சுருங்கும், சுருங்கினால் இரண்டு ஓரமும் திறக்கும்.

உங்கள் பச்சை அட்டை இரண்டு நிமிடத்துக்கும் இதுதான் மருந்து என்று நினைக்கிறேன்.

மாங்குளம் சந்தி:
ஸ்காபுரோ அண்ணை, மரியாதையோடு மறுக்கிறேன். ஐந்துக்கு நான்கு என்றால் பெரிய இடைவெளி, சின்ன மேடை. எங்களுக்குப் பதினொன்றுக்குப் பத்து, மைதானம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். அந்தக் கூடுதல் ஆள் எங்கேயோ பின்னால் நின்றுகொண்டிருப்பார், எதிரணிக்கு அது உறைக்கவே உறைக்காது.

பரிஸ் ஒலிம்பிக் காலிறுதியை எடுங்கள். 17ஆவது நிமிடத்தில் இந்தியாவின் அமித் ரோஹிதாசுக்குச் சிவப்பு அட்டை. மிச்ச ஆட்டம் முழுக்கப் பிரித்தானியாவுக்கு ஒரு ஆள் கூடுதல். ஆனால் அதற்குப் பிறகு முதலில் கோல் போட்டது பத்துப் பேரோடு நின்ற இந்தியா, அதுவும் பெனால்டி கோர்னரில், 22ஆவது நிமிடத்தில் ஹர்மன்பிரீத். பிரித்தானியா 27ஆவது நிமிடத்தில் ஒன்றைத் திருப்பிப் போட்டது, அதற்கு மேல் ஒன்றும் முடியவில்லை. ஷூட்-அவுட்டில் இந்தியா 4-2 என்று வென்றது. நாற்பது நிமிடத்துக்கு மேல் கூடுதல் ஆள் இருந்தும் ஒரு கோல். இரண்டு நிமிடப் பச்சை அட்டையில் என்ன எதிர்பார்ப்பது?

முள்ளியவளை ஸ்காபுரோ:
அந்த ஆட்டத்தை நானும் பார்த்தேன். அதையே என் பக்கச் சாட்சியாகவும் எடுக்கலாம். இந்தியா கோலுக்கு முன்னால் நெருக்கமாக நின்று நடுவை அடைத்தது, பின்னால் கோல் காப்பாளர் ஸ்ரீஜேஷ் இருந்தார். பிரித்தானியா விளிம்பில்தான் கூடுதலாக இருந்தது, நடுவில் இல்லை. கூடுதல் ஆள் எங்கே நிற்கிறார் என்பதுதான் கேள்வி, எத்தனை வீதம் கூடுதல் என்பது அதற்குப் பிறகு.

ஆனால் நீங்கள் சொன்னதை யோசித்தபோது வேறொன்று தெரிந்தது. உங்கள் ஆட்டத்தில் உண்மையான பவர் பிளே பச்சை அட்டை இல்லை. பெனால்டி கோர்னர்தான். எதிரணி காப்பாளரோடு ஐந்து பேரைத்தான் கோல் கோட்டுக்குப் பின்னால் வைக்கலாம், மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால், சரிதானே? பந்து தள்ளப்பட்ட பிறகுதான் அவர்கள் ஓடி வர முடியும். நீங்கள் எட்டோ ஒன்பதோ பேரை டி-யைச் சுற்றி நிறுத்தலாம். ஐஸ் ஹொக்கியில் எந்தப் பயிற்றுநருக்கும் கனவிலும் கிடைக்காத கணக்கு அது.

மாங்குளம் சந்தி:
இதை நான் முழுமனதாக ஏற்கிறேன். நாங்கள் கோர்னரை ஒரே ஒரு அடி என்று பழக்கிவிட்டோம். தள்ளு, நிறுத்து, அடி, முடிந்தது. நடுக்கோட்டுக்கு அப்பால் நிற்கிறவர்கள் டி-க்குத் திரும்ப 30 மீட்டருக்கு மேல் ஓட வேண்டும். பாடசாலைப் பிள்ளைகளுக்கு அது ஐந்தாறு விநாடி. அவ்வளவு நேரமும் காப்பாளரும் இன்னும் நான்கு பேரும் மட்டும்தான் எதிரில்.

ஆகவே கிளி மைதானம், நிறுத்துவது பிழைத்தால் என்ன செய்வது என்பதை ஒரு தனிப் பாடமாகப் பழக்குங்கள். நிறுத்துகிறவளுக்கு ஐந்தடி பின்னால் ஒரு பிள்ளை நிற்கட்டும். துள்ளிப் போகும் பந்து அவளுக்கு வரும். அவள் அடிக்கக்கூடாது. பந்து வராத பக்கத்து விங்குக்கு உடனே கொடுக்க வேண்டும். ஏனென்றால் எதிரணியின் ஓட்டக்காரிகள் எல்லோரும் பந்தை நோக்கிப் பாய்ந்துவிட்டார்கள், அந்தப் பக்கம் வெறுமையாகக் கிடக்கும். டி-யிலிருந்து 5 மீட்டருக்கு வெளியே பந்து போய்விட்டால் கோர்னர் விதிகள் முடிந்து வழமையான ஆட்டம் ஆகிவிடும், அதனால் பயப்பட ஒன்றுமில்லை. 460 மில்லிமீட்டர் கட்டுப்பாடும் அதோடு போய்விடும்.

பந்து தள்ளப்பட்டதும் கம்பம் இரண்டுக்கும் ஒவ்வொருவர், காப்பாளருக்கு நேர்முன்னே, ஆபத்தில்லாத தூரத்துக்கு ஒருவர் ஓட வேண்டும். அவர்கள் வேலை திரும்பி வரும் பந்து மட்டும். ஸ்டிக் எப்போதும் தரையில்.

முதல் ஓட்டக்காரி:
எதிரணிப் பிள்ளை யாராவது பந்து புறப்படுமுன் கோட்டைத் தாண்டிவிட்டால் அவள் நடுக்கோட்டுக்குப் போக வேண்டும், அவளுக்குப் பதிலாக வேறு ஆள் வர முடியாது. மிச்சம் நால்வர். அப்போது அவசரப்படாமல் எங்கே ஆள் குறைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தள்ளச் சொல்லுங்கள். முதலில் பாய்கிறவள்தான் பெரும்பாலும் முந்திப் புறப்படுவாள். அவள் போய்விட்டால் நேரான அடியே போதும்.

கிளி மைதானம்:
இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு சந்தேகம். மைதானத்தைக் கொஞ்சமாவது திருத்த வழி உண்டா? மற்றது, கொழும்புக்குப் போனால் செயற்கைப் புல், அங்கே பந்து பறக்கும். இரண்டுக்கும் ஒரே பிள்ளைகளை எப்படிப் பழக்குவது?

மல்லாவி மண்:
மைதான வேலை செய்கிறவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு மட்டும் வருகிறேன். முழு மைதானத்தையும் திருத்தப் பார்க்காதீர்கள், காசும் போகும், மனமும் விட்டுப்போகும். உங்களுக்குத் தேவை ஒரு பாதை. தள்ளும் புள்ளியிலிருந்து நிறுத்தும் இடம் வரைக்கும், ஒன்றரை மீட்டர் அகலத்தில். பெரும்பாலான அணிகள் கோலைப் பார்த்து நிற்கும்போது இடப்பக்கத்திலிருந்துதான் தள்ளும், ஆகவே இரண்டு கோலுக்கும் ஒவ்வொரு பாதை போதும்.

மேல் கிரவலைச் சுரண்டி எடுங்கள். கல்லை அரித்துவிட்டு நல்ல களிமண் கலந்த செம்மண்ணைச் சல்லடையில் போட்டுப் பரப்புங்கள். மாலையில் தண்ணீர் விட்டு, ஊறவிட்டு, காலையில் மண் கையில் ஒட்டாத பதத்தில் உருளை போடுங்கள். ஈரத்தோடு உருட்டினால் மண் உருளையோடு வந்துவிடும், காய்ந்த பிறகு உருட்டினால் வெடிக்கும். துடுப்பாட்ட ஆடுகளம் போடும் உருளையே போதும். ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் தென்னந்தும்பு விளக்குமாற்றால் கூட்டி விடுங்கள். சப்பாத்தோடு யாரும் குறுக்கே நடக்கக்கூடாது என்று கயிறு கட்டுங்கள்.

ஐப்பசி மழை தொடங்கினால் இந்தப் பாதை கரையும், அது தெரிந்ததுதான். மழைக்குப் பிறகு மேல்மண் கொஞ்சம் போட்டுத் திரும்ப உருட்ட வேண்டும். போட்டிக்கு வெளியூர் போகும்போதும் விளக்குமாறு ஒன்றைக் கொண்டுபோங்கள். ஆட்டத்துக்கு முன் நடுவரிடம் கேட்டுவிட்டு அந்தப் பாதையைக் கூட்டலாம். அங்கேயும் கல்தானே.

மாங்குளம் சந்தி:
செயற்கைப் புல்லுக்கு: பாடசாலை மண்டபத்தில் சீமெந்துத் தரை இருக்கும்தானே? கதிரைகளை ஒதுக்கிவிட்டு அதில் நிறுத்தும் பயிற்சி கொடுங்கள். தண்ணீர் தெளிக்காதீர்கள், வழுக்கி விழுவார்கள். பழைய பந்தைப் பாவியுங்கள், புதியது உரசிக் கெட்டுப்போகும். ஸ்டிக்கும் தேயும், அதனால் தேய்ந்த ஸ்டிக்குகளை இதற்கென்றே ஒதுக்குங்கள். அடிக்கிற பயிற்சி அங்கே வேண்டாம், சுவரில் பட்டுத் திரும்பினால் ஆபத்து. வேகமாக வரும் பந்துக்குக் கை பழகுவது மட்டும்தான் நோக்கம். கொழும்பில் ரீட் அவெனியூ செயற்கைப் புல்லில் முதல் தடவை இறங்கும்போது அந்த வேகம் பிள்ளைகளுக்குப் புதிதாக இருக்காது.

நிறுத்தும் பிள்ளைக்கும் பாயும் பிள்ளைகளுக்கும் முகக்கவசம், கையுறை இல்லாமல் ஒரு கோர்னர்ப் பயிற்சியும் வேண்டாம். காசு இல்லை என்றால் பயிற்சியின் வேகத்தைக் குறையுங்கள், கவசத்தைக் குறைக்காதீர்கள்.

முள்ளியவளை ஸ்காபுரோ:
கவசத்துக்கு இங்கே நண்பர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன். ஐஸ் ஹொக்கிக் கவசம் உங்கள் ஆட்டத்துக்குப் பொருந்தாது, ஆனால் இங்கே தரை ஹொக்கி விளையாடும் இந்திய, பாகிஸ்தான் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. பாவித்த நல்ல கவசங்கள் கிடைக்கும். முதல் ஓட்டக்காரித் தங்கச்சி எந்த அளவு என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பச்சை அட்டை பற்றி ஒன்று மிச்சம். ஐஸ் ஹொக்கியில் சிறிய தண்டனை நேரத்தில் கோல் விழுந்ததும் வெளியே இருந்தவர் உள்ளே வந்துவிடுவார். 1956 வரைக்கும் அப்படி இல்லை. மொன்றியல் கனேடியன்ஸ் அணி ஒரே தண்டனைக்குள் கோலுக்கு மேல் கோல் போட்டதால் மாற்றினார்கள். உங்கள் ஆட்டத்தில் கோல் விழுந்தாலும் அட்டை நேரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே முதல் அரை நிமிடத்தில் அவசரப்பட்டுப் பந்தைத் தொலைக்க ஒரு காரணமும் இல்லை.

கிளி மைதானம்:
அது நல்ல விசயம் அண்ணை. நாங்கள் செய்வது நேர்மாறு, அட்டையைக் கண்டதும் பாய்கிறோம். அந்த நேரத்துக்கு ஒருத்தியை மட்டும் நடுவில், டி-யின் உச்சியில் நிற்கச் சொல்கிறேன். மற்றவர்கள் பந்தைப் பின்னுக்கு எடுத்து மற்றப் பக்கத்துக்கு மாற்ற வேண்டும். கோலுக்கு அடிப்பதைவிட டி-க்குள் கொண்டுபோய் இன்னொரு கோர்னர் வாங்கினாலும் சரி.

பழைய ஃபுல்பெக்:
அதுதான் புத்தி. ஆள் குறைந்த அணி களைத்துப்போய்க் காலைத்தான் கொடுக்கும்.

முதல் ஓட்டக்காரி:
அண்ணை, முகக்கவசத்தில் சிறிய அளவும் நடு அளவும் பாதிப் பாதியாகப் பாருங்கள். பட்டி இழுத்துக் கட்டக்கூடியதாக இருந்தால் ஒன்றையே பலர் பாவிக்கலாம். கையுறையில் இடது கைக்குத்தான் முதலிடம், நிறுத்தும்போது தரையில் உரசுவது அதுதான்.

நெடுங்கேணி 7:
ஒரு கேள்வி. நிறுத்துகிற பிள்ளையை எப்படித் தெரிவது? எங்கள் கழகத்திலும் இதே பிரச்சினைதான். மிஞ்சியிருக்கிற ஆளைத்தான் அங்கே விடுகிறோம்.

மாங்குளம் சந்தி:
தம்பி, அது தவறான வழக்கம், ஊரெல்லாம் இதைத்தான் செய்கிறார்கள். உங்களிடம் உள்ள கை மிக மென்மையான ஆளை அங்கே நிறுத்துங்கள். நடுக்களத்தில் பந்தை வாங்கும்போது சத்தம் வராமல் வாங்குகிற ஆள் ஒருவர் ஒவ்வொரு அணியிலும் இருப்பார். அவர்தான். அவர் அணித்தலைவராக இருந்தாலும், கோல் போடுகிறவராக இருந்தாலும் பரவாயில்லை. அடிக்க இரண்டாவது ஆளைப் பழக்கலாம். நிறுத்தும் கை எல்லோருக்கும் வருவதில்லை.

கிளி மைதானம்:
எங்கள் நடுக்களப் பிள்ளை ஒருத்தி அப்படித்தான். இதுவரைக்கும் அவளைத்தான் அடிக்க விட்டிருக்கிறோம். நாளைக்கே மாற்றிப் பார்க்கிறேன். மல்லாவி அண்ணை, பக்கத்துக் கழகத்திடம் உருளை இருக்கிறது. சனிக்கிழமை எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். வசதிப்பட்டால் ஒரு தடவை வந்து மண்ணைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

மல்லாவி மண்:
வருகிறேன் தம்பி. வெள்ளி மாலையே தண்ணீர் விட்டு வையுங்கள். சல்லடை நான் கொண்டுவருகிறேன்.